ரத்தம் வரும் இடத்தை விட்டுவிடாதீர்கள்

வாசகர்களின் பல் நலக் கேள்விகளுக்குப் பல் மருத்துவரின் பதில்கள்

பல் துலக்கும்போது வலதுபக்கக் கீழ் ஈறில் ரத்தம் வருகிறது. புண்ணாகிவிடுமோ என்று பயந்து, மூன்று வாரமாக அந்தப் பக்கம் பிரஷ்ஷே வைப்பதில்லை. இப்போது முன்பைவிட அதிகமாக வருகிறது. சத்துக் குறைவா? (வாசகி, வயது 38)

சத்துக் குறைவைத் தேடிப் போவதற்கு முன் அந்த மூன்று வாரத்தைப் பாருங்கள் அம்மா. என்னிடம் வருபவர்களில் நன்றாகப் படித்தவர்கள்கூட இதையே செய்கிறார்கள். கையில் காயம் பட்டால் தொடாமல் விடுகிறோம், ஆறிவிடுகிறது. ஈறு அப்படியல்ல. பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் கிருமிகள் பிசுபிசுப்பான படலமாகப் படிகின்றன. அதை எதிர்த்துத்தான் ஈறு சிவந்து வீங்குகிறது, தொட்டால் கசிகிறது. பயந்து விலகினால் படலம் இன்னும் தடிக்கும், கசிவும் கூடும்.

1965-ல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், ஈறு நன்றாக இருந்த 12 பேரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. திரும்பத் துலக்கத் தொடங்கியதும் சரியானது. உங்கள் வாயின் ஒரு பக்கத்தில் நடந்திருப்பதும் அதேதான்.

இன்று இரவே மிருதுவான பிரஷ்ஷை அந்த ஈறு ஓரத்தில் வையுங்கள். முதல் சில நாள் ரத்தம் வரும், பதற வேண்டாம். இரண்டு வாரமாகியும் நிற்கவில்லை என்றால் உள்ளே படலம் கெட்டியாகிக் காரையாகப் படிந்திருக்கலாம். பல் மருத்துவரிடம் போய்விடுங்கள். கர்ப்பமாக இருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ இரண்டு வாரம் காத்திருக்காமல் இப்போதே காட்டுங்கள். புகைபிடிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: புகை ஈறின் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுவதால், நோய் முற்றியிருந்தும் ரத்தமே வராமல் போகலாம். கசிவு இல்லை என்பதை நம்பி அவர்கள் இருந்துவிடக் கூடாது.

தினமும் இரண்டு வேளை, நன்றாக அழுத்தித்தான் தேய்க்கிறேன். ஆனாலும் டாக்டர் "சரியாகத் துலக்குவதில்லை" என்கிறார். மனம் புண்படுகிறது. (வாசகர், வயது 52)

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. அந்த டாக்டர் சொன்னதோடு நிற்காமல் காட்டியிருக்க வேண்டும். படலம் ஒட்டியிருக்கும் இடத்தில் மட்டும் ஊதா நிறம் ஏற்றும் சாயம் ஒன்று உண்டு. உங்களைப் போலவே இரண்டு வேளை துலக்கும் ஒருவருக்கு அதைத் தடவிக் கொப்பளிக்கச் சொல்லி, கையில் கண்ணாடியைக் கொடுத்தேன். பற்களின் வெளிப்புறம் பளிச்சென்று இருந்தது. வாயை அகலத் திறந்து நாக்கைத் தூக்கியபோது, கீழ் முன்பற்களின் பின்புறம் ஊதாக் கோடு ஓடியது. கடைசிக் கடைவாய்ப்பல்லின் பின்பக்கமும் அப்படியே. அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இந்த இடத்துக்கு என் பிரஷ் ஒரு நாளும் போனதில்லை, டாக்டர்" என்றார்.

நாக்கின் அடியில் உமிழ்நீர் சுரக்கும் வாய் இருப்பதால், கீழ் முன்பற்களின் பின்னால்தான் காரை வேகமாகக் கட்டும். நாம் மறக்கும் இடமும் அதுதான்.

அழுத்தத்தை விடுங்கள். படலம் மிருதுவானது, அதற்குப் பலம் தேவையில்லை. அழுத்தித் தேய்த்தால் ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரியும். வேருக்கு எனாமல் கவசம் கிடையாது. தேய்ந்து பள்ளம் விழும், கூசும். பிரஷ்ஷைப் பேனா பிடிப்பதுபோல் விரல்களால் பிடித்தால் அழுத்தம் தானே குறையும். இழைகள் ஈறு ஓரத்தைச் சாய்வாகத் தொடட்டும். ஓரிரு பற்களாகச் சின்னச் சின்ன அசைவு போதும், ஆனால் இரண்டு நிமிடம் குறையக் கூடாது. ஒரு நாள் கடிகாரம் வைத்துப் பாருங்கள், இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரியும். முடித்ததும் நுரையைத் துப்புங்கள், தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காதீர்கள். பற்பசையிலுள்ள ஃபுளோரைடு பல்லில் தங்கினால்தான் வேலை செய்யும்.

பல் இடுக்குக்குள் எந்தப் பிரஷ்ஷும் போகாது. அதற்கு ஃபிளாஸ் எனப்படும் பல் நூலோ இடுக்கு பிரஷ்ஷோ வேண்டும், நாளுக்கு ஒருமுறை.

டாக்டரிடம் காரையை எடுக்கும் ஸ்கேலிங் செய்தபின் பல் ஆடுவதுபோல் இருக்கிறது, இடைவெளியும் விழுந்துவிட்டது. செய்யாமலே இருந்திருக்கலாமோ? (வாசகி, வயது 45)

அந்த இடைவெளியை இத்தனை நாள் காரை அடைத்துக்கொண்டிருந்தது. பல்லைத் தாங்கும் எலும்பு முன்பே கரைந்திருக்கும். காரை போனதும் அது தெரிகிறது. செய்யாமல் விட்டிருந்தால் இன்னும் கரைந்திருக்கும். ஆட்டம் குறையவில்லை என்றால் செய்த மருத்துவரிடமே மறுபடி காட்டுங்கள்.

இரவில் மவுத்வாஷ் மட்டும் போதுமா? (வாசகர், வயது 29)

போதாது. ஒட்டிய படலத்தைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்து பல்லுக்குப் பாதுகாப்பும் குறைகிறது. ஒரு வேளைதான் முடியும் என்றால் இரவையே தேர்ந்தெடுங்கள்.

ஒன்பது ஆண்டுகளாகப் பல் டாக்டரிடம் போகவில்லை. வாயைத் திறந்து காட்டவே வெட்கமாக இருக்கிறது, திட்டுவார்களோ என்று பயம். (வாசகர், வயது 61)

ஐயா, முன்பு யாரோ உங்களைத் திட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அது தவறு. நீங்கள் எழுதியிருப்பதுபோல் எழுதியவர்கள் பலர்; வலி தாங்காமல்தான் வந்தார்கள், அதற்குள் காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லைப் பிடுங்க வேண்டியதாயிற்று. வலிக்கும்வரை காத்திருக்காதீர்கள், ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காமலே வளரும். முதல் நாள் பரிசோதனை மட்டும் போதும் என்று கேளுங்கள். உட்காரும் முன்பே, "ஒன்பது வருடமாகிறது, பயமாக இருக்கிறது" என்று சொல்லிவிடுங்கள். வலித்தால் இடது கையைத் தூக்குவேன், உடனே நிறுத்துங்கள் என்றும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே நேரம் வாங்குங்கள் ஐயா.