தகடு போட மறந்தவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போபால் நச்சுவாயுக் கசிவு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நான் ஒரு ரசாயன ஆலையில் ஒன்பது ஆண்டுகளாக ஷிப்ட் ஆபரேட்டர். எங்கள் பாதுகாப்பு வகுப்பில் போபாலை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: "குழாய் கழுவியவன் தடுப்புத் தகடு போட மறந்தான், ஊரே செத்தது." உங்கள் கட்டுரையில் அந்த ஆளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. தொழிலாளி என்பதால் விட்டுவிட்டீர்களா? நிறுவனம் சொன்னதுபோல அது நாசவேலையாக இருக்க வாய்ப்பே இல்லையா? இன்னொன்று. எங்கள் பிரிவில் ஒரு வெப்பநிலை அலாரம் மூன்று மாதமாக ஊமையாகக் கிடக்கிறது. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

கே.

அன்புள்ள கே.,

அந்த ஒற்றை வரியை நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. ஆகவே அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

1984 டிசம்பர் 2, ஞாயிற்றுக்கிழமை இரவு, குழாய்களில் நீர் விட்டுக் கழுவும் வேலை நடந்தது. அதற்கு முன் தகடு செருகி, கழுவும் குழாயை மற்றவற்றிலிருந்து பிரித்திருக்க வேண்டும். தகடு இல்லாததால் அந்த நீர் நச்சு ரசாயனத் தொட்டிக்குள் போய்விட்டது என்பதுதான் அந்த ஒற்றை வரியின் விளக்கம். தகடு செருகுவது பராமரிப்புப் பிரிவின் பொறுப்பு, கழுவியவருடையது அல்ல. அந்த ஷிப்டின் பராமரிப்பு மேற்பார்வையாளர் பணியிடத்தைச் சில நாட்களுக்கு முன்புதான் நிர்வாகம் நீக்கியிருந்தது. 12 பேர் பார்த்த வேலையை 6 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறந்தவர் யார் என்று கேட்கிறார்கள். நினைவில் வைத்திருக்க வேண்டிய ஆளையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களே!

ஆலைக்குச் சொந்தக்கார அமெரிக்க நிறுவனமான யூனியன் கார்பைடு இந்த விளக்கத்தை ஏற்கவில்லை. மனக்கசப்பில் இருந்த ஊழியர் ஒருவர் தொட்டியில் நேரடியாக நீர்க்குழாயைச் செருகினார் என்றது. அவர் யார் என்று எந்த நீதிமன்றத்திலும் நிறுவவில்லை. வாதத்துக்காக ஒப்புக்கொள்வோம். தொட்டிக்குள் தண்ணீர் போனது என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. ஒரு ரப்பர் குழாயும் ஒருவனின் ஆத்திரமும் போதும், ஒரு நகரமே மூச்சுத் திணறும் என்ற நிலையில் அந்த ஆலையை வைத்திருந்தது யார்? எனக்கு அந்தக் கேள்விதான் பெரிதாகப் படுகிறது.

610ஆம் எண் தொட்டியில் இருந்தது சுமார் 40 டன் மெதைல் ஐசோசயனேட் (எம்.ஐ.சி.), பூச்சிக்கொல்லி தயாரிக்கப் பயன்படும் நச்சுப் பொருள். 39 டிகிரியிலேயே கொதிக்கும் திரவம். தண்ணீர் பட்டால் சூடும் கார்பன் டை ஆக்சைடும் கிளம்பும். சூடு ஏற ஏற வினை வேகமெடுக்கும், வேகமெடுக்க எடுக்கச் சூடு ஏறும். அதனால்தான் 0 டிகிரியை ஒட்டியே அதை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. குளிர் இந்த வினையை அடியோடு தடுத்துவிடாது, ஆனால் அவகாசம் தரும். ஷிப்டில் இருப்பவர் ஓடிப்போய் எதையாவது செய்வதற்கான அவகாசம். 1984 ஜூனில் குளிரூட்டும் இயந்திரத்தை நிறுத்தினார்கள். 11 டிகிரியைத் தாண்டினால் ஒலிக்க வேண்டிய அலாரம், தொட்டி நாள்தோறும் 15, 20 டிகிரியில் கிடந்தபோது யாருக்கு உதவும்? உங்கள் ஊமை அலாரத்தைப் படித்ததும் என் மனம் இங்கேதான் வந்து நின்றது.

அந்த இரவின் அழுத்தமானி முள்ளைப் பாருங்கள். பத்தரை மணிவாக்கில் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டு காட்டியது. பதினொரு மணிக்கு 10. வழக்கமாக 2 முதல் 25 வரை இருக்கலாம் என்பதால் அந்தப் பத்தில் யாருக்கும் ஐயம் எழவில்லை. அரை மணி நேரத்தில் கண் எரிந்தது. அங்கே கசிவைக் காட்டிக்கொடுக்கும் கருவி பெரும்பாலும் தொழிலாளியின் கண்தான். சின்னக் கசிவுகள் பழகிப்போன இடம் என்பதால் தேநீருக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. தேநீர் முடிந்தபோது முள் அளவைத் தாண்டிவிட்டது. ஆபரேட்டர் தொட்டிக்கு ஓடினார். உள்ளே உறுமல், மேலே கான்கிரீட் தளம் விரிசல் விட்டுக்கொண்டிருந்தது. நீங்களும் நானும் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் பதினொரு மணிக்கு வேறென்ன செய்திருப்போம்?

மற்றத் தற்காப்புகள் எல்லாமும் இப்படித்தான். வாயுவைக் கழுவி நஞ்சு நீக்கும் கோபுரம் இயக்கத்தில் இல்லை. எரித்தழிக்கும் கோபுரத்துக்குப் போகும் குழாயில் அரித்துப்போன துண்டைக் கழற்றி வைத்திருந்தார்கள். வாயு வெளியேறிய 33 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர்ப் பீச்சு எட்டவில்லை. ஊருக்கான சைரனோ சிறிது நேரம் ஒலித்து நின்றது, வெகுநேரம் கழித்தே மீண்டும் ஒலித்தது. ஈரத்துணியால் முகத்தை மூடிக்கொள்ளுங்கள் என்ற ஒரு வார்த்தையைக்கூட ஆலையைச் சுற்றியிருந்த குடிசைகளுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லிவைத்ததில்லை. மக்கள் ஓடினார்கள். ஓடினால் மூச்சு வாங்கும், இன்னும் அதிக நஞ்சு உள்ளே போகும்.

ஆனால் இதற்கெல்லாம் முந்தைய காரணம் ஒன்று இருக்கிறது. எதற்காக 40 டன்? அந்த ஆலை தயாரித்த செவின் பூச்சிக்கொல்லியின் விற்பனை சரிந்திருந்தது. அக்டோபரிலேயே எம்.ஐ.சி. உற்பத்தியை நிறுத்தியிருந்தார்கள். அப்படியும் தொட்டியில் அவ்வளவு நஞ்சு தேங்கிக் கிடந்தது. அது உற்பத்திக்கு நடுவே உண்டாகும் இடைப்பொருள். தேவைப்படும்போது கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்கி உடனே செலவழித்திருக்கலாம். பிரிட்டிஷ் பாதுகாப்புப் பொறியாளர் டிரெவர் க்ளெட்ஸ் 1978இலேயே சொல்லியிருந்தார், உங்களிடம் இல்லாத பொருள் கசியாது என்று. 1982இல் அமெரிக்காவிலிருந்து வந்த நிறுவனத்தின் சொந்த ஆய்வுக் குழுவே போபால் ஆலையின் குறைகளைப் பட்டியலிட்டது. அதே ஆண்டு ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஊரைக் காப்பாற்றுங்கள் என்று எழுதினார். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த வாயுவைச் சுவாசித்த பிறகுதான் அவர் எழுத்தை உலகம் தேடிப் படித்தது.

போபாலுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது 41எச் என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை நிர்வாகத்துக்கும், அதே வேளையில் அரசின் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்ற உரிமை அதில்தான் வந்தது. உங்கள் அலாரத்தைப் பற்றி இனி வாயால் சொல்லாதீர்கள். எந்தத் தொட்டி, எந்தத் தேதியிலிருந்து, யார் யாரிடம் சொன்னீர்கள் என்று எழுதி, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை வீட்டில் வையுங்கள். பாதுகாப்புக் குழுவில் இருக்கும் தொழிலாளர் பிரதிநிதியையும் உடன் கையொப்பமிடச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் அலாரம் ஒலிக்கவில்லை என்றால் எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.