தெர்மோஸ்டாட் வால்வு: கழற்றலாமா, எப்படிச் சோதிப்பது?

கேள்வி: வண்டி சூடாகிறது என்று போனால், மெக்கானிக் தெர்மோஸ்டாட் வால்வையே (எஞ்சின் சூடாகும் வரை கூலண்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) கழற்றிவிட்டு 'நம்ம வெயிலுக்கு இது எதுக்கு' என்கிறார். சரிதானா?

சரியில்லை, தயவுசெய்து புது வால்வு போடச் சொல்லுங்கள். எஞ்சின் 90 டிகிரி வாக்கில் ஓடத்தான் செய்யப்பட்டது, அந்தச் சூட்டுக்கு வராவிட்டால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் ஈரம் தங்கும். அதோடு பல எஞ்சின்களில் வால்வு திறக்கும்போது அதன் அடித்தட்டுதான் பைபாஸ் வழியை அடைக்கிறது. வால்வே இல்லையென்றால் கூலண்ட்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றும், டிராஃபிக்கில் சூடு இன்னும் ஏறலாம்.

கேள்வி: பழைய வால்வை வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

தாராளமாக. சமையலுக்குத் திரும்ப எடுக்காத பாத்திரமாக ஒன்று வேண்டும், கூலண்ட் விஷம். வால்வின் வாயை விரலால் லேசாகப் பிரித்து ஒரு நூலைச் செருகி விட்டுவிடுங்கள், ஸ்பிரிங் நூலைக் கடித்துக்கொள்ளும். அந்த நூலிலேயே தண்ணீருக்குள் தொங்கவிட்டு, பக்கத்தில் 100 டிகிரிக்கு மேல் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்றையும் வையுங்கள், இரண்டும் அடியைத் தொடக்கூடாது. சிறு தீயில் சூடேற்றினால், உள்ளே இருக்கும் மெழுகு விரிந்து வாய் திறக்கிற நொடியில் நூல் நழுவி வால்வு 'டொக்'கென்று விழும். அப்போதைய சூடும் வால்வில் பொறித்திருக்கும் எண்ணும் (82, 88 என்று இருக்கும்) இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒத்துப்போனால் நல்லது. 82 வால்வு என்றால் 95 வாக்கில் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். அப்புறம் வெளியே எடுத்து ஆறவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வாயில் இடைவெளி தெரிந்தால் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது டெம்பரேச்சர் முள் கீழே வந்துவிடுகிறது.

வால்வு திறந்தபடியே சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். காலையில் ஸ்டார்ட் செய்து, ஃபேனுக்குக் கை போகாமல் ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். முள் பாதிக்கு வருமுன்பே ஹோஸ் மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் அதுதான். ஸ்கேனரில் பி0128 (எஞ்சின் போதிய சூட்டுக்கு வரவில்லை என்ற கோடு) என்றும் வரலாம்.

கேள்வி: புது வால்வு போட்டும் முள் ஏறுகிறது, ஹீட்டரில் சூடே இல்லை.

உள்ளே காற்று அடைத்திருக்கும். வால்வில் ஆடும் சின்ன ஊசி இருந்தால் அது மேல்பக்கம் இருக்கிறதா, ஸ்பிரிங் எஞ்சின் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மட்டும் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஓடவிட்டு, குமிழி நிற்கும் வரை கூலண்ட் ஊற்றுங்கள். போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதன் உப்புப் படிந்து இந்தப் புது வால்வும் சிக்கிக்கொள்ளும்.