பெயர் சொன்னால் மரியாதை குறையுமா?

அம்பாசமுத்திரத்திலிருந்து எழுதிய அண்ணாச்சிக்கு,

உங்கள் மகள், வீட்டிலிருந்தபடியே ஐடி வேலை பார்க்கும்போது, உங்கள் வயது மேலாளரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைக் கேட்டு மனசு ஆறவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அரசு அலுவலகத்தில் முப்பது வருஷம் 'சார்' போட்டே பழகிய காதுக்குச் சுருக்கென்றுதான் இருக்கும்.

ஆனால் இன்னொரு தடவை கவனித்துக் கேளுங்கள். "கார்த்திக், நீங்க அந்த ஃபைலைப் பாத்தீங்களா?" என்கிற மாதிரிதான் பேசியிருப்பாள். ஆங்கிலத்துக்கு இருப்பது ஒரே 'யூ'. நமக்கோ நீ, நீங்கள், போதாததற்கு நம் பக்கத்து "வாரும், இரும்" வேறு. தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. அந்த 'ங்க' இருக்கிறவரை உங்கள் வளர்ப்பு எங்கேயும் போய்விடவில்லை. ஐடி கம்பெனிகளில் பெயர் சொல்வதுதான் நடைமுறை. 'சார் வேண்டாம்' என்று மேலாளரே சொன்ன பிறகும் சார் போட்டால், ஒதுங்கி நிற்கிறாள் என்றுதான் நினைப்பார்கள்.

அரசு அலுவலகமும் மாறத்தான் செய்கிறது. மலைக்கு அந்தப் பக்கம், பாலக்காடு மாவட்டத்து மாத்தூர் ஊராட்சியில், யாரும் சார், மேடம் என்று கூப்பிட வேண்டாம், பெயரோ பதவியோ போதும் என்று 2021-இல் தீர்மானமே போட்டார்கள்.

எனக்குக் கவலை உங்கள் இளையவனைப் பற்றித்தான். டிப்ளமா முடித்துக் கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை தேடுகிறான் என்றீர்கள். அங்கே சூப்பர்வைசர் ஆனால், இருபத்திரண்டு வயதில் ஐம்பது வயது ஆபரேட்டரிடம் வேலை வாங்க வேண்டிவரும். அக்காவைப் பார்த்து இவனும் பெயர் சொன்னால் வேலை அன்றைக்கே நின்றுவிடும். "அண்ணாச்சி, இந்த பீஸ் அளவு தப்பா வந்திருக்கு, மறுபடி பாத்துருங்க" என்று சொல்லப் பழகட்டும். உறவு சொல்லிக் கூப்பிட்டாலும் தப்பைத் தப்பென்று சொல்லத் தெரிய வேண்டும். பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பெரியவர் பதிலுக்கு "ஏலே" என்றால் முகம் சுளிக்க வேண்டாம். நாலு பேர் முன்னால் மட்டம் தட்டுகிற 'லே' என்றால் மட்டும், தனியாகக் கூப்பிட்டுத் தன்மையாகச் சொல்லட்டும்.

ஊர் மாறினால் சொல்லும் மாறும். சென்னையில் என் முதல் வேலையில் மூத்தவர் ஒருவரை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டேன். அறையே சிரித்தது. அங்கே அண்ணாச்சி என்றால் மளிகைக்கடைக்காரர். அவர் முகம் வாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. நம்மூர் 'ஏலே'யும் அப்படித்தான். எல்லாருக்கும் 'ங்க' போடும் கோயம்புத்தூர்க்காரருக்கு அது வசவு மாதிரி கேட்கும்.

பெண்களை எடுத்தவுடன் 'அக்கா' என்பதும் வேண்டாம். சிலருக்குப் பிடிக்காது. "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்டுவிடலாம், தப்பே இல்லை.

இன்டர்வியூவில் மட்டும் சார், மேடம்தான். சேர்ந்த பிறகு முதல் வாரம் யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்கச் சொல்லுங்கள். அடுத்த சனிக்கிழமை அவனைப் பாளையங்கோட்டைக்கு அனுப்புங்கள், இரண்டு மணி நேரம் பேசவைத்துப் பழக்கிவிடுகிறேன்.