ஒரே நாள் ரேஸில் ஜெயிக்கிற குதிரையையும் ஃப்ளூக் குதிரையையும் முன்கூட்டிக் கணிக்க முடியுமா?

கிருஷ்ணகிரியிலிருந்து நாலு நண்பர்களோடு பெங்களூரு ரேஸுக்கு ஒரு நாள் போகப்போவதாகச் சொல்லி, எது ஜெயிக்கும், எது ஃப்ளூக்காக (யாரும் எதிர்பாராமல், பெரிய ரேட்டில்) வரும் என்று கண்டுபிடிக்க வழி கேட்டிருக்கிறீர்கள் தம்பி. கையில் ஆளுக்கு இரண்டாயிரம், போனில் யாரோ அனுப்பிய டிப்ஸ், எட்டு ரேஸுக்கும் கட்டும் எண்ணம். உங்கள் நிலைமை இதுதான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

சூதாட்டத்துக்கு வழி காட்டுகிறாயா என்று சண்டைக்கு வருபவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974ல் சட்டம் வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், இது திறமையைச் சார்ந்த விளையாட்டு என்று 1996 ஜனவரியில் தீர்ப்பானது. அந்தத் திறமை எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான் இங்கே சொல்கிறேன். கடன் வாங்கி ஆடுபவருக்கு இதில் ஒரு வரிகூட உதவாது.

முதலில் நம்ம பக்கத்துப் பழக்கம் ஒன்றை விட வேண்டும். எருது விடும் விழாவில் காளை தனியாக ஓடுகிறது. குறித்த தூரத்தை எத்தனை விநாடியில் கடந்தது என்பதோடு கணக்கு முடிந்தது. அதே கண்ணோடு, அன்றைய குதிரைகளின் விவரமும் பழைய ஓட்டங்களும் இருக்கும் ரேஸ் புத்தகத்தைத் திறந்து, போன ஓட்டத்தில் எதற்குக் குறைந்த நேரம் என்று பார்த்துப் பணம் கட்டுகிறார்கள். குதிரை கூட்டத்தில் ஓடுகிறது. முன்னால் யாரும் வேகம் பிடிக்காவிட்டால் நல்ல குதிரைகூட மெதுவான நேரத்தில்தான் ஜெயிக்கும். மூன்று குதிரைகள் ஆரம்பத்திலேயே முட்டி மோதிப் பறந்தால் சுமாரான குதிரைக்கும் நல்ல நேரம் விழும். போதாததற்கு ஒவ்வொன்றின் முதுகிலும் வேறு வேறு எடை.

எடையில்தான் விஷயமே இருக்கிறது, இதை நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலான ஓட்டங்கள் ஹேண்டிகேப், அதாவது நல்ல குதிரைக்கு அதிக எடை ஏற்றி வாய்ப்பைச் சமமாக்கும் ஓட்டம். ஒவ்வொரு குதிரைக்கும் அதன் திறமைக்கு ஒரு மதிப்பெண், அதாவது ரேட்டிங், உண்டு. 0–25, 20–45, 40–65, 60–85, அதற்கு மேல் 80க்கு மேற்பட்டவை என்று வகுப்பு பிரிப்பார்கள். ஜெயித்தால் ரேட்டிங் ஏறும், தோற்றுக்கொண்டே வந்தால் இறங்கும். ஒரு புள்ளிக்கு அரை கிலோ. இந்த எடையைத் தூரமாக மாற்றிப் பார்க்க ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது: 1200 மீட்டரில் ஒன்றேகால் கிலோவுக்கு ஒரு லெங்த், அதாவது ஒரு குதிரை நீளம். 1600 மீட்டரில் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 2400 மீட்டரில் அரை கிலோவுக்குச் சற்று மேல்.

ஒரு உதாரணம். 1200 மீட்டரில் 'அ' 54 கிலோவும் 'ஆ' 56.5 கிலோவும் சுமந்து ஓடி, 'அ' இரண்டு லெங்த்தில் ஜெயித்தது. அதற்கு 8 புள்ளி ஏற்றிவிட்டார்கள், இன்று 58 கிலோ. 'ஆ'வுக்கு ஒரு புள்ளி குறைத்தார்கள், இன்று 56 கிலோ. அன்று 'ஆ' இரண்டரை கிலோ அதிகம் சுமந்தது, இன்று 'அ' இரண்டு கிலோ அதிகம் சுமக்கிறது. மொத்தத் திருப்பம் நாலரை கிலோ. ஒன்றேகாலால் வகுத்தால் சுமார் மூன்றரை லெங்த். அன்றைய இரண்டு லெங்த்தைக் கழித்தாலும் 'ஆ' ஒன்றரை லெங்த் முன்னால் வர வேண்டும். ஆனால் புத்தகத்தில் 'அ' பெயருக்கு நேராக "1" என்று இருப்பதால் கூட்டம் அதன் பின்னால்தான் போகும். ரேட் காட்டும் போர்டில் 'அ' இரண்டுக்கு ஒண்ணு (ஒரு ரூபாய்க்கு இரண்டு ரூபாய் லாபம்), 'ஆ' எட்டுக்கு ஒண்ணு என்று நின்றால் அதுதான் நீங்கள் தேடி வந்த இடம். ஒரு எச்சரிக்கை: 'அ' அன்று கடிவாளத்தை இழுத்துப் பிடித்தபடியே சுலபமாக ஜெயித்திருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துப் போகும். அதனால் பழைய ஓட்டத்தின் வீடியோவைப் பார்க்காமல் இதை நம்பக் கூடாது.

ஃப்ளூக் என்றால் அதிர்ஷ்டம் என்று நினைக்கிறார்கள். வருகிற ஃப்ளூக்கில் பலவற்றுக்கு முன்பே காரணம் இருக்கிறது. 40–65ல் அடி எடையோடு (அந்த ஓட்டத்திலேயே குறைந்த எடை) ஓடித் தோற்றுத் தோற்று, ரேட்டிங் 44க்கு இறங்கி, 20–45ல் மேல் எடையோடு (அதிக எடை) வரும் குதிரையைப் பாருங்கள். எடையைப் பார்த்து ஜனம் மிரளும், எதிரிகளின் தரம் இறங்கியதைக் கவனிக்காது. 1200ல் கடைசி 200 மீட்டரில் ஐந்தாறு குதிரைகளைத் தாண்டி வந்தது இன்று 1400ல் இறங்கினால் குறித்துக்கொள்ளுங்கள். போன ஓட்டத்தில் கேட்டில் தாமதமாகக் கிளம்பியதா, நடுவில் சிக்கி வழியில்லாமல் நின்றதா, லாடம் கழன்றதா என்பதெல்லாம் ரேஸை மேற்பார்க்கும் அதிகாரிகளான ஸ்டீவர்ட்கள் அறிக்கையில் வரும். அதைப் படிப்பவர்கள் மிகக் குறைவு. முதன்முறையாக, பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும் பிளிங்கர் கட்டுவது, நாக்கைக் கட்டுவது, நீண்ட ஓய்வுக்குப் பின் இரண்டாம் மூன்றாம் ஓட்டம், இவையும் காரணங்கள்தான்.

ரேஸ் எப்படி ஓடும் என்று பென்சிலால் வரைந்து பாருங்கள். முன்னால் ஓடும் பழக்கமுள்ள குதிரை ஒன்றே ஒன்று இருந்து, அதற்கு உள்பக்க டிராவும் (கிளம்பும் இடத்துக்கான குலுக்கல்) கிடைத்தால், 1100, 1200 மீட்டரில் துரத்த ஆளில்லாமல் அப்படியே போய்விடும். அப்படிப்பட்டவை நாலு இருந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும், பின்னாலிருந்து வருவதற்குக் கட்டலாம்.

இந்தக் காரணம் எதுவும் இல்லாமல் வெறுமனே நாற்பதுக்கு ஒண்ணு என்று நிற்பதைத் தொடாதீர்கள். பெரிய ரேட் குதிரைகளுக்கு ஜனம் தகுதிக்கு மேல் பணம் கட்டுகிறது என்பது 1949லேயே ஆராய்ச்சியில் எழுதப்பட்ட விஷயம். ஜனம் அதிகம் பணம் கட்டும் ஃபேவரைட்டும் தோராயமாக மூன்றில் ஒரு ரேஸ்தான் ஜெயிக்கும்.

ரேஸுக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் பேடாக்குக்குக் கட்டாயம் போங்கள். போச்சம்பள்ளி சந்தையில் மாட்டைச் சுற்றி வந்து பார்ப்பது போலத்தான். பின்னங்கால் குளம்பு, முன்னங்கால் பதிந்த தடத்தைத் தாண்டி விழ வேண்டும். தோல் மின்ன வேண்டும், வயிறு மேலே ஒட்டியிருக்க வேண்டும். பின்தொடைகளுக்கு நடுவே வெள்ளை நுரை கட்டி, வாலை அடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடந்தால், ரேஸுக்கு முன்பே பாதி பலம் போய்விட்டது என்று அர்த்தம். வெயில் நாளில் கழுத்து வியர்வையை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், எல்லாக் குதிரைக்கும் வியர்க்கும்.

பணம் கட்டும் முறை. போர்டைப் பார்ப்பதற்கு முன், ஒவ்வொரு குதிரைக்கும் நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று எழுதுங்கள், கூட்டினால் 100 வர வேண்டும். பிறகு போர்டைப் பாருங்கள். இரண்டுக்கு ஒண்ணு என்றால் 33, நாலுக்கு ஒண்ணு என்றால் 20, எட்டுக்கு ஒண்ணு என்றால் 11. நீங்கள் 20 போட்ட குதிரை எட்டுக்கு ஒண்ணில் கிடைத்தால் கட்டுங்கள். நீங்கள் 25 போட்டது இரண்டுக்கு ஒண்ணில் நின்றால், அதுதான் ஜெயிக்கும் என்று தோன்றினாலும் விடுங்கள். எட்டு ரேஸில் மூன்றுதான் இப்படித் தேறும், மற்ற ஐந்தில் சும்மா நின்று பாருங்கள். இரண்டாயிரத்தை நூறு நூறாக இருபது பங்காக்குங்கள். ஃப்ளூக்குக்கு வின்னில் (முதலாவதாக வந்தால் மட்டும் பணம்) ஒரு பங்கு, பிளேஸில் (முன்வரிசை இடங்களில் வந்தாலே பணம்) ஒரு பங்கு போதும். முதல் மூன்று குதிரைகளை வரிசையாகச் சொல்லும் டனாலா, பல ரேஸில் ஜெயிப்பதைச் சேர்த்துச் சொல்லும் ஜாக்பாட் பக்கம் முதல் நாளே போகாதீர்கள். பந்தயப் பணத்தின் முழு மதிப்புக்கும் ஜிஎஸ்டி 2023 அக்டோபரிலிருந்து 28%, 2025 செப்டம்பர் 22 முதல் 40%. ஜெயித்த பணத்துக்கு 30% வருமான வரி, தோற்றதை அதில் கழிக்க விடமாட்டார்கள். இவ்வளவும் போக மிஞ்ச வேண்டுமானால் ரேட் தப்பாக இருக்கும் இடத்தில் மட்டும்தான் கட்ட முடியும்.

டோட்டில், அதாவது எல்லார் பணத்தையும் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பங்கிடும் முறையில், ரேட் கேட் திறக்கும் வரை மாறிக்கொண்டே இருக்கும். தானே ரேட் சொல்லிப் பந்தயம் வாங்கும் புக்கியிடம் சீட்டு வாங்கிவிட்டால் அந்த ரேட் உங்களுடையது. இதை எழுதும்போது மனசு கேட்கவில்லை, கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் சொல்லிவிடுகிறேன். நம்ம ஊரில் பெங்களூரா மாங்காயை லோடு ஏற்றிக்கொண்டு கூழ் ஆலை வாசலில் நிற்கும் விவசாயிக்கு இந்த உத்தரவாதம்கூடக் கிடைப்பதில்லை. அறுத்து, கூலி கொடுத்து, வண்டி வாடகையும் கொடுத்து, வரிசையில் நின்ற பிறகுதான் பல வருடம் விலையே தெரிகிறது. காயைத் திருப்பி எடுத்துப் போகவும் முடியாது. பந்தயம் கட்டுபவனுக்குக் கிடைக்கும் எழுத்து மூலமான ரேட், ஒரு வருடம் தோப்பைக் காத்தவனுக்கு ஏன் கிடைக்கக் கூடாது? இது பல வருட ஆதங்கம்.

போனில் வரும் டிப்ஸுக்கு ஒரே சோதனை போதும். காரணம் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "ஷ்யூர் ஷாட்" என்று மட்டும் இருந்தால் அழித்துவிடுங்கள்.

முந்தின நாள் இரவே ரேஸ் புத்தகத்தை உட்கார்ந்து படித்து முடியுங்கள், பஸ்ஸில் படிக்க வராது. காலையில் விலகிய குதிரைகளையும் மாறிய ஜாக்கிகளையும் பார்த்து, உங்கள் நூறு கணக்கைத் திரும்பப் போடுங்கள். முன்னால் ஓடக்கூடியது ஒன்று விலகினாலே ரேஸ் முழுக்க மாறிவிடும். திரும்பி வரும்போது ஓசூர் தாண்டுவதற்குள், எந்தக் குதிரை வழியில்லாமல் மாட்டியது, எது கடைசியில் வேகமாக வந்தது என்று அதே புத்தகத்தின் ஓரத்தில் எழுதி வையுங்கள். அவை அடுத்த முறை எந்தத் தூரத்தில், எந்த எடையில் இறங்குகின்றன என்று பாருங்கள்.