செண்ட் வெற்றி என்கிறது, செய்தி போய்ச் சேரவில்லையே?

கேள்வி: சி-யில் எழுதிய இரண்டு நிரல்களை நெட்வொர்க் வழியாக இணைத்திருக்கிறேன். பெறுபவர் எடுத்துக்கொள்ளும் வரை அனுப்புபவர் காத்திருக்க வேண்டும். ஆனால் பெறும் நிரல் செத்துப்போன பிறகும், அனுப்பும் அழைப்பான செண்ட் (send) வெற்றி என்கிறது. ஏன்?

பதில்: செண்ட் வெற்றி என்றால், பைட்டுகள் உங்கள் கணினியின் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) வைத்திருக்கும் பஃபருக்குள், அதாவது தற்காலிக இடத்துக்குள், போய்விட்டன என்று மட்டும்தான் அர்த்தம். கடிதம் தபால் பெட்டியில் விழுந்தாயிற்று, அவ்வளவே. நெட்வொர்க்கில் பைட்டுகளைக் கொண்டு சேர்க்கும் நெறிமுறையான டிசிபி (TCP) 'வந்தது' என்று திருப்பி அனுப்பும் ஒப்புகையும் எதிர்முனைக் கெர்னல் போடும் கையெழுத்துதான். பெறும் நிரல் செய்தியைத் தொடாமலே இருந்திருக்கலாம்.

கணினி அறிவியலாளர் டோனி ஹோர் 1978-ல் விவரித்த செய்திப் பரிமாற்றத்தில் இரு தரப்பும் வந்து நின்றால்தான் சரக்கு கைமாறும். அது வேண்டுமென்றால் ஒப்புகையை நீங்களே எழுத வேண்டும். பெறும் நிரல் செய்தியை எடுத்த பிறகு ஒரு பைட் திருப்பி அனுப்பட்டும். அது வரும் வரை அனுப்பும் நிரல், பெறும் அழைப்பான ரிசீவில் (recv) நிற்கட்டும். இரண்டு பக்கமும் முதலில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் விடிய விடிய நிற்கும், கவனம்.

பெரிய பொறி வேறு. டிசிபி-க்குச் செய்தி என்றால் என்னவென்றே தெரியாது, பைட் ஓட்டம்தான். 100 பைட் அனுப்பினால் 60, 40 என்று பிரிந்து வரலாம். அதனால் முதலில் 4 பைட்டில் நீளம், அப்புறம் முழுதும் வரும் வரை லூப். கல்லூரி லேபில் ஒரே கணினியில் 'ஹலோ' அனுப்பி மார்க் போட்டுவிடுகிறார்கள். அங்கே இது தலைகாட்டாது, வேலைக்குப் போன பிறகுதான் கடிக்கும்.

ஒப்புகை வருவதற்குள் இணைப்பு அறுந்தால்? பெறுபவர் எடுத்தாரா இல்லையா என்று அனுப்புபவருக்குத் தெரியாது. எடுத்திருக்கலாம், ஒப்புகை மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். செய்தி 'கணக்கில் பணம் கழி' என்றால், மறுபடி அனுப்பினால் ஒரே பணம் இரண்டு முறை கழியும். அனுப்பாவிட்டால் கழியாமலே போகும். ஒவ்வொரு செய்திக்கும் வரிசை எண் கொடுங்கள், மறுபடி அனுப்புங்கள், பார்த்த எண் திரும்ப வந்தால் பெறுபவர் ஒப்புகை மட்டும் அனுப்பட்டும். கடைசியாகப் பார்த்த எண்ணை வட்டில் எழுதி வையுங்கள்; நினைவகத்தில் மட்டும் இருந்தால் மறுதொடக்கத்தில் போய்விடும்.

'எங்கள் மிடில்வேர் (நிரல்களுக்கு நடுவே நின்று செய்தி கடத்தும் மென்பொருள்) வாங்குங்கள், எதுவும் தொலையாது' என்று வருபவரிடம், ஒப்புகையை அனுப்புவது அவர்கள் சர்வரா, பெறும் நிரலா என்று கேளுங்கள். பாதிப் பேர் பேச்சை மாற்றுவார்கள். வேகம் போதவில்லை என்று புது நெட்வொர்க் சுவிட்ச் விற்க வருபவரையும் கொஞ்சம் வாசலில் நிறுத்துங்கள். நீளத்தைத் தனியாகவும் செய்தியின் உடலைத் தனியாகவும் அனுப்பினால் லினக்ஸில் செய்திக்குச் சுமார் 40 மில்லிசெகண்ட் வீணாகலாம். இரண்டையும், பல துண்டுகளைச் சேர்த்தே அனுப்பும் ரைட்வி (writev) அழைப்பு ஒன்றில் அனுப்பிப் பாருங்கள், காசு செலவில்லை.