சப்போர்ட் வேலை என்றால் இளக்காரமா?

இறுதியாண்டு பி.இ. படிக்கும் உங்கள் மகளின் கையில் இரண்டு ஆஃபர். ஒன்று, பெயர் சொன்னாலே எல்லாருக்கும் தெரிந்த ஐ.டி. கன்சல்டிங் நிறுவனம், ஆண்டுக்கு 3.6 லட்சம். மற்றது, மருத்துவமனைகளுக்கு பில்லிங் மென்பொருள் செய்யும் சிறிய கம்பெனி. 3 லட்சம், பதவி டெக்னிக்கல் சப்போர்ட் இன்ஜினியர். மகளுக்கு இரண்டாவதில்தான் மனசு. ‘படிச்ச படிப்புக்கு கால் சென்டரா?’ என்கிறார் சித்தப்பா. நீங்களோ பெரிய நிறுவனத்தைப் பற்றி அதன் ஊழியர்கள் இணையத்தில் எழுதியதையெல்லாம் படித்துவிட்டு, தூக்கம் கெட்டுப்போய் எழுதியிருக்கிறீர்கள்.

பதற்றம் புரிகிறது அம்மா. படித்ததில் பாதி உண்மையும்கூட. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்கத்தான் கொஞ்சம் பழக வேண்டும்.

நட்சத்திர மதிப்பெண்ணை முதலில் மறந்துவிடுங்கள். லட்சக்கணக்கானோர் வேலை பார்க்கும் இடத்துக்கு ஒரே சராசரி எண் எதையும் சொல்லாது. ‘வேலை-வாழ்க்கைச் சமநிலை நன்று’ என்கிற ஒற்றை வரிக் கருத்துகளையும் தள்ளுங்கள். நீங்கள் ஒன்று எழுதினால்தான் மற்றவர்கள் எழுதியதைக் காட்டுவோம் என்று கேட்கும் தளங்கள் உண்டு. பூட்டைத் திறக்க எழுதிய வரிகள் அவை. ராஜினாமா கொடுத்த கோபத்தில் எழுதியவையும் கிடக்கும். கடந்த 12 மாதங்களில், டிரெய்னியாகச் சேர்ந்தவர்கள் எழுதியதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் திரும்பத் திரும்ப வரும் சொற்களைக் குறித்து வையுங்கள்: பெஞ்ச் (புராஜெக்ட் இல்லாமல் காத்திருப்பது), அலோகேஷன் (யாரை எந்த புராஜெக்டில் போடுவது என்பது), ஷிப்ட், வேரியபிள் (கூடிக் குறையும் சம்பளப் பகுதி), பாண்ட் (இத்தனை மாதம் விலகமாட்டேன் என்கிற ஒப்பந்தம்), 90 நாள் நோட்டீஸ். ‘மேனேஜர் மோசம்’ என்பது ஒருவரின் அனுபவமாக இருக்கலாம். ‘ஜாவா நிரல் பயிற்சி கொடுத்து டெஸ்டிங்கில் போட்டார்கள்’ என்று இருபது பேர் எழுதினால் அது அந்தத் தொழில் நடக்கும் முறை.

காரணம் எளிது. இந்திய ஐ.டி. சேவைத் துறை பெரும்பாலும் ஆள்கணக்கில் பில் போடுகிறது. உங்கள் மகள் பயிற்சி முடிக்கும் வாரத்தில் எந்த கிளையன்ட் எந்த வேலைக்கு ஆள் கேட்கிறாரோ, அங்கேதான் போவாள். அவள் விருப்பத்தைப் படிவத்தில் கேட்பார்கள், தீர்மானிப்பது தேவை. கேட்க ஆளில்லாவிட்டால் பெஞ்ச். சில வாரம் என்றால் ஓய்வு, மாதக்கணக்கில் நீண்டால் ரெஸ்யூமேயில் ஓட்டை. ஆக ஊழியர்களின் கருத்து ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதில் ஆச்சரியமில்லை. நல்ல புராஜெக்ட் கிடைத்தவரும் சத்தியமாகத்தான் எழுதுகிறார், கிடைக்காதவரும் சத்தியமாகத்தான் எழுதுகிறார். அடையாள அட்டையில் இருக்கும் பெயர் இருவருக்கும் ஒன்று, வேலை வேறு.

சித்தப்பாவின் வாதங்களுக்கு வருவோம். ‘ரெண்டு வருஷத்தில் ஆன்சைட்’, அதாவது வெளிநாட்டில் கிளையன்ட் இடத்திலேயே வேலை, என்கிறாராம். 2025 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் பிறப்பித்த உத்தரவு, நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய எச்-1பி (அமெரிக்க வேலை விசா) மனுவுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் விதித்தது. புதிதாகச் சேரும் பெண்ணுக்காக அந்தத் தொகையை எந்தக் கணக்கில் யார் கட்டுவார் என்று அவரையே கேளுங்கள். ‘பாண்டெல்லாம் சும்மா பேப்பர்’ என்பதும் தவறு. வேலையை விட்ட பிறகு வேறு எங்கும் சேரக்கூடாது என்கிற நிபந்தனை 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27ஆம் பிரிவின்படி செல்லாது. குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்ட வேண்டும் என்பது வேறு விஷயம். ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில் அப்படிப்பட்ட 2 லட்சம் ரூபாய் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எத்தனை மாதம், எவ்வளவு தொகை, மிச்ச நாள் குறையக் குறைய தொகையும் குறையுமா என்ற மூன்றையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். அசல் சான்றிதழையோ வெற்றுக் காசோலையையோ யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

‘மாசம் அஞ்சாயிரம் குறையுதே’ என்பதுதான் அவருடைய பலமான வாதம். அதையும் போட்டுப் பார்த்துவிடலாம். 3.6 லட்சம் என்பது மாதம் 30,000. அதில் வேரியபிள் 10 சதவீதம் என்றால் 3,000 தனியே போகும். அது வரலாம், குறையலாம். அடிப்படைச் சம்பளம் 15,000 என்று வைத்தால், ஆஃபர் தொகைக்குள்ளேயே அடங்கும் நிறுவனத்தின் பி.எஃப். பங்கு 1,800, கிராஜுவிட்டி 4.81 சதவீதம், அதாவது சுமார் 720. மிச்சம் 24,480. அவள் பங்கு பி.எஃப். 1,800 போனால் 22,680. தொழில் வரி ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500. மாதத்துக்குப் பிரித்தால் கையில் 22,470. சிறிய கம்பெனியில் வேரியபிள் இல்லை, அடிப்படை 12,500 என்றால் இதே கணக்கில் கையில் ஏறக்குறைய 21,190. வித்தியாசம் 1,300 ரூபாய்கூட இல்லை. உங்கள் இரண்டு ஆஃபர் லெட்டரிலும் உள்ள இணைப்புத் தாளை எடுத்து, உண்மையான எண்களைப் போட்டுப் பாருங்கள். இந்த 1,300க்காக மகளின் விருப்பத்தை மாற்றச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை.

கோளாறு எங்கே என்று தோண்டுவதில்தான் அவளுக்கு ருசி, புதிதாக நிரல் எழுதுவதில் அவ்வளவு இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் சப்போர்ட் வேலையைச் சரியாகப் புரிந்துகொள்வது அவசியம். பெரிய நிறுவன ஊழியர்கள் ‘சப்போர்ட் புராஜெக்டில் மாட்டிக்கொண்டேன்’ என்று புலம்புவது பெரும்பாலும் எல்1, அதாவது முதல்நிலை வேலையைப் பற்றி: டிக்கெட் (புகார்) வரும், எஸ்.எல்.ஏ. நேரம் (முடிக்க வேண்டிய கெடு) ஓடும், ரன்புக்கில் (படிப்படியான செய்முறைக் குறிப்பு) உள்ளபடி செய்ய வேண்டும், முடியாவிட்டால் மேலே தள்ள வேண்டும். சர்வர் கிளையன்ட்டுடையது, உள்ளே பார்க்க அனுமதி கிடைக்காது. மூன்று வருடம் இருந்தாலும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது.

சொந்தத் தயாரிப்பு வைத்திருக்கும் கம்பெனியில் எல்2, எல்3 என்கிற அடுத்த நிலைகள் வேறு ஜாதி. ‘டிஸ்சார்ஜ் பில்லில் கூட்டுத்தொகை தப்பு’ என்று மருத்துவமனை சொல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தவறை டெஸ்ட் சர்வரில் மறுபடி வரவைக்க வேண்டும். எஸ்.க்யூ.எல். (டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் மொழி) எழுதி அந்த நோயாளியின் வரிகளை எடுக்க வேண்டும். எந்தப் பதிப்பில் இது நுழைந்தது என்று பார்க்க வேண்டும். பிறகு டெவலப்பர் ஒரே வாசிப்பில் புரிந்துகொள்ளும்படி எழுத வேண்டும். நிரல் எழுதியவர் அடுத்த இருக்கையிலேயே இருப்பார். இங்கிருந்து ரிலையபிலிட்டி இன்ஜினியர் (மென்பொருள் நிற்காமல் ஓடப் பார்த்துக்கொள்பவர்), ஆட்டோமேஷன் டெஸ்டிங், இம்ப்ளிமென்டேஷன் (வாடிக்கையாளரிடம் மென்பொருளை நிறுவித் தருவது), டெவலப்மென்ட் என்று நான்கு பக்கமும் வாசல் உண்டு.

சேரும் வரை அவள் வீட்டிலேயே பழகலாம். 8 ஜி.பி. ராம் உள்ள பழைய லேப்டாப் போதும். விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) உபுண்டு சர்வர் (லினக்ஸ் இயங்குதளம்) போட்டு, அதில் என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்), போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ்), பைத்தானில் ஒரு சின்ன ஆப், எல்லாமே இலவசம். ஓட வைத்தபின் வேண்டுமென்றே கெடுக்க வேண்டும். ஆப்பை நிறுத்தினால் 502 (பின்னால் உள்ள ஆப்பிடமிருந்து சரியான பதில் இல்லை என்கிற பிழை) வரும். பதில் தர 90 விநாடி எடுக்கும்படி மாற்றினால் 504 (காத்திருக்கும் நேரம் முடிந்தது என்கிற பிழை) வரும், ஏனென்றால் என்ஜின்எக்ஸ் இயல்பாகக் காத்திருப்பது 60 விநாடிதான். போஸ்ட்கிரெஸில் இணைப்பு வரம்பு இயல்பாக 100. அதை 20 ஆக்கி, இணைப்புகளை மூடாமல் விட்டால் சிறிது நேரத்தில் எல்லாம் நின்றுவிடும். லாக் ஃபைல் (நடப்பதையெல்லாம் பதிந்து வைக்கும் ஃபைல்) பெருத்து டிஸ்க் நிரம்பட்டும். ஆப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஃபைலை அழித்தாலும் இடம் திரும்பாது. ஃபைலை இன்னும் திறந்து வைத்திருக்கும் புராசஸை மறுதொடக்கம் செய்தால்தான் இடம் விடுபடும். இது நேர்முகத் தேர்வில் கேட்கக்கூடிய கேள்வி.

ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு பக்கம் ஆர்.சி.ஏ. (மூல காரண அறிக்கை) எழுதட்டும்: பயனர் என்ன பார்த்தார், முதலில் எங்கே தேடினோம், மூல காரணம், தற்காலிகத் தீர்வு, மறுபடி வராமலிருக்க என்ன செய்வது. ஆறு பக்கம் கிட்ஹப்பில் (நிரல்களைப் பகிரும் இணையதளம்) இருந்தால் போதும். ‘பிளேஸ்மென்ட் உத்தரவாதம்’ என்று சொல்லி பணம் கேட்கும் பயிற்சி நிலையத்துக்கு ஒரு ரூபாயும் தர வேண்டாம். கல்விக் கடன் பாக்கி இருந்தால் அந்தப் பணம் அங்கே போகட்டும்.

சின்ன கம்பெனி என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சேரவும் கூடாது. நாள் முழுக்க ஹெட்செட் போட வைத்து அழைப்புகளை எண்ணும் இடங்களும் சப்போர்ட் என்றே சொல்லிக்கொள்கின்றன. அந்தச் சிறிய கம்பெனிக்கு மகளே ஒரு மெயில் அனுப்பட்டும். ஒருவருக்கு ஒரு நாளில் எத்தனை டிக்கெட்? லாக் பார்க்கவும், டேட்டாபேஸை வாசிக்கவும் அனுமதி உண்டா? இரவு ஆன்-கால் (கூப்பிட்டால் எழுந்து பார்க்கும் முறை) எத்தனை வாரத்துக்கு ஒருமுறை, அதற்கு அலவன்ஸ் உண்டா? சப்போர்ட்டிலிருந்து டெவலப்மென்ட்டுக்குப் போனவர் ஒருவரிடம் பேச முடியுமா? டேட்டாபேஸ் அனுமதி இல்லை என்று பதில் வந்தால் பெரிய நிறுவனத்திலேயே சேரட்டும், அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. அனுமதி உண்டு என்று வந்து, சேரும் தேதியும் எழுத்தில் இருந்தால், மற்ற ஆஃபருக்கு நன்றி சொல்லி அதே வாரத்தில் மறுத்து எழுதிவிடுங்கள். சித்தப்பாவுக்கு அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.