வாசகர் கேள்வி – பதில்: குண்டு நிற்க வேண்டிய இடம்

கேள்வி: எங்கள் ரைஃபிள் கிளப்புக்கு 50 மீட்டர் தூரத்தில் பாயிண்ட் டூ டூ (.22 அங்குலக் குண்டு) ரேஞ்ச், அதாவது சுடுதளம் அமைக்க இடம் கிடைத்திருக்கிறது. ஆறு லேன், ஒரு லேனில் ஒருவர் சுடுவார். இலக்குக்குப் பின்னால் பழைய லாரி டயர்களை அடுக்கி, உள்ளே மண் நிரப்பினால் செலவு மிச்சம் என்கிறார்கள். செய்யலாமா? மேடு எவ்வளவு உயரம் வேண்டும்?
– வாசகர், நாமக்கல்

டயர் வேண்டாம். ரப்பரில் பட்ட ஈயக் குண்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது. சுட்டவரை நோக்கியே வரவும் செய்யும். போதாததற்கு, மழைநீர் தேங்கி கொசு வளர்ப்பீர்கள். கருங்கல், செங்கல், கான்கிரீட் சுவரையும் வெறுமையாக விடக்கூடாது.

மண்மேடுதான் சரி. உயரம் 4 மீட்டர், உச்சியில் அகலம் 1.2 மீட்டர், இரு பக்கச் சரிவும் ஒன்றுக்கு ஒன்றரை (ஒரு மீட்டர் உயரத்துக்கு ஒன்றரை மீட்டர் அகலம்) என்று வைத்துக்கொண்டால் அடியில் 13.2 மீட்டர் அகலம் வரும். ஆறு லேனுக்கு இருபுறமும் இடம் விட்டு 12 மீட்டர் நீளம் எடுத்தால் ஏறத்தாழ 346 கன மீட்டர், அதாவது 122 யூனிட் மண் (ஒரு யூனிட் நூறு கன அடி). கெட்டிப்படுத்தும்போது அமுங்குவதற்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் 146 யூனிட். மூன்று யூனிட் லாரியில் ஐம்பது நடை. இரு முனைச் சரிவுகளுக்கான மண் இதில் சேரவில்லை.

உள்ளே சவுடோ கிராவலோ எதுவானாலும் போடலாம், அடுக்கடுக்காகத் தண்ணீர் விட்டு ரோலர் ஓட்ட வேண்டும். ஆனால் சுடுபவரைப் பார்த்த முகத்தில் அரை மீட்டர் கனத்துக்குச் சலித்த மணல் மட்டும்தான். நம் செம்மண்ணில் சரளை ஒளிந்திருக்கும். ஒரு கூழாங்கல் போதும், குண்டைத் திருப்பிவிட.

ஒன்றுக்கு ஒன்றரை என்பது ஏறத்தாழ 34 டிகிரி. காய்ந்த மணல் தானாக நிற்கும் சாய்வும் அதுதான். மணல் சரிந்து 30 டிகிரிக்குக் கீழே போனால் குண்டு புதையாமல் வழுக்கி மேலே கிளம்பும். வடகிழக்குப் பருவமழையில் இது சீக்கிரம் நடக்கும். மேட்டின் மேல் தகரக் கூரையும் அடியில் வடிகாலும் வைத்தால் பாதி வேலை குறையும். பின்சரிவில் வெட்டிவேர் நடுங்கள். பெருச்சாளி வளை தெரிந்தால் உடனே அடையுங்கள்.

இவ்வளவு செய்தும் பாதுகாப்பு முடியவில்லை. படுத்துச் சுடுபவரின் துப்பாக்கி முனை தரையிலிருந்து சுமார் 0.3 மீட்டர் உயரத்தில் இருக்கும். உச்சிக்கு அரை மீட்டர் கீழே வரைதான் மேடு தடுக்கும் என்று எச்சரிக்கையாகக் கணக்குப் போட்டால், முனை 3 டிகிரிக்குச் சற்று மேல் தூக்கினாலே குண்டு எல்லையைக் கடந்துவிடும். தோட்டாப் பெட்டிகளில் ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சிட்டிருப்பது இதற்காகத்தான். ஆகவே அந்தத் தூரத்துக்கு ஆள் நடமாட்டமே இல்லாத நிலம் வேண்டும், இல்லையென்றால் தலைக்கு மேல் தடுப்புப் பலகைகள் வேண்டும்.

பலகை என்றால் குறைந்தது 6 மி.மீ. இரும்புத் தகடு, சுடுபவர் பக்கம் சிறு இடைவெளி விட்டு மரப்பலகை, சிதறல் திரும்பாமல் இருக்க. நின்று சுடுபவரின் குண்டு 25 மீட்டரில் ஏறத்தாழ 1.1 மீட்டர் உயரத்தில் போகும். படுத்தவர் கண்ணிலிருந்து நாம் வைத்த எல்லைக்குப் போகும் கோடு அங்கே 1.7 மீட்டர். எனவே அங்குள்ள பலகையின் கீழ்விளிம்பை 1.5 மீட்டரில் வைக்கலாம். ஆனால் ஒரே பலகை போதாது. அதற்கு மேலாகப் பறப்பதை, சுடுபவருக்கு அருகே முன்னால் உள்ள பலகைகள் அடைக்க வேண்டும். சோதிப்பது சுலபம்: துப்பாக்கிகளை அகற்றிவிட்டு, ஒவ்வொரு லேனிலும் முனை இருக்கும் இடத்தில் கண்ணை வைத்துப் படுத்தும், மண்டியிட்டும், நின்றும் பாருங்கள். எங்காவது ஒரு கீற்று வானம் தெரிந்தால் வேலை முடியவில்லை. வரைபடத்துக்கு உரிமம் வழங்கும் அதிகாரியின் ஒப்புதல் வருமுன் மண் அடிக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ரேஞ்சில் மணல்மேடுதான். முதலில் ஒழுங்காக இருந்தது, இப்போது ஈயத் துணுக்குகள் திரும்பி வருகின்றன. ஏன்?
– வாசகி, மதுரை

நன்றாகச் சுடுகிறீர்கள், அதனால்தான். 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 10.4 மி.மீ. மட்டுமே. லேனுக்கு லேன் எல்லாக் குண்டும் உள்ளங்கை அளவு இடத்தில் போய் விழுந்தால், அங்கே குழி விழுந்து ஈயக் கட்டி சேர்கிறது. அடுத்த குண்டு மணலில் படாமல் ஈயத்தில் பட்டுச் சிதறுகிறது. குண்டு ஒன்று சுமார் 2.6 கிராம்; ஆறு பேர் ஆளுக்கு 60 சுட்டாலே ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

பயிற்சி முடிந்த அன்றே குழிகளை மூடிச் சமன் செய்யுங்கள். துணுக்கு வரத் தொடங்கிவிட்டதால் இப்போது சுடுவதை நிறுத்தி, ஒவ்வொரு இலக்குக்கும் பின்னால் அரை மீட்டர் ஆழம் தோண்டி மணலைச் சலிக்க வேண்டும். மணல் ஈரமாக இருக்கும்போது சலியுங்கள், ஈயத்தூசி பறக்காது. முகக்கவசமும் கையுறையும் கட்டாயம். மேட்டு மண்ணின் காரஅமிலநிலை (pH) 6.5க்கும் 8.5க்கும் இடையில் இருந்தால் ஈயம் கரைவது குறையும். புளிப்பு மண்ணானால் சுண்ணாம்பு கலக்கலாம். பக்கத்தில் கிணறு இருந்தால் தண்ணீரையும் பரிசோதியுங்கள்.

கேள்வி: மாடியில் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சிக்கு, பின்னால் சிமென்ட் சுவர் போதாதா?
– வாசகர், கோவை

போதாது, பெல்லட் (ஏர் ரைஃபிளின் சிறு ஈயக் குண்டு) திரும்பி வரும். 2 அல்லது 3 மி.மீ. தகட்டை மேல்விளிம்பு உங்கள் பக்கம் சாய்ந்தபடி 45 டிகிரியில் பெட்டிக்குள் பொருத்தினால் பெல்லட் கீழே உள்ள மணல் தட்டில் விழும். பெட்டியின் வாய் இலக்கு அட்டையைவிடப் பெரிதாக, அரை மீட்டராவது இருக்கட்டும். இரும்பாலான உருண்டைக் குண்டுகளை இதில் சுடவே கூடாது. இலக்குப் பக்கம் கதவு இருந்தால் உள்ளிருந்து தாழ் போடுங்கள். கூட நிற்பவர்களுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். கீழே விழுந்த தூசியை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.